கைதிகள் உரிமை வேலைக்கு வர்றீங்களா? ஒரு நோட்டு வாங்குங்க

மனித உரிமை இயக்கத்தில் முழுநேரமாக வேலை செய்ய ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "போராட்டத்துக்கு எப்படிங்க ஆள் சேர்க்கிறது?" ஆள் அப்புறம் சேரும். முதலில் ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு திருப்பூர் கோர்ட் வராண்டாவில் போய் உட்காருங்கள். சட்டம் படித்திருந்தால் நல்லது. படிக்காவிட்டாலும் இந்தி பேசத் தெரிந்தால் பாதி வேலை நடக்கும். பனியன் கம்பெனிக்கு வந்த பீகார் பையன் மாட்டிக்கொண்டால் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு விவரம் சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

கைதாகிக் கோர்ட்டுக்கு வருகிற ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், எஃப்ஐஆர் எண், சட்டப் பிரிவு, ரிமாண்ட் ஆன (கோர்ட் காவலில் வைக்கச் சொன்ன) தேதி. இந்தத் தேதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண வழக்கில் 60 நாள், கொலை மாதிரியான வழக்கில் 90 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 187ஆம் பிரிவு. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 61ஆம் நாள் காலையிலேயே மனு உள்ளே போகணும். மதியம் வரை வக்கீல் டீக்கடையில் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்து விழுந்தால் போச்சு. வக்கீல் வைக்க வழியில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100க்குப் போன் போடுங்கள்.

சரி, ஜாமீன் கிடைத்தாச்சு. ஆள் வெளியே வந்துவிடுவாரா? இங்கேதான் சிக்கலே. "ரெண்டு ஜாமீன்தாரர் கேக்கறாங்கண்ணா, இந்த ஊர்ல எங்களுக்கு யாருங்க இருக்கா?" என்பார்கள். சொத்து மதிப்புச் சான்றிதழோடு முன்பின் தெரியாதவனுக்கு எவர் வந்து நிற்பார்? 2023இல் உச்ச நீதிமன்றம் போட்ட வேறொரு உத்தரவில் இதற்கு வழி இருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாம். இதை நினைவூட்டி மனு எழுதுவதுதான் உங்கள் வேலையில் பெரும்பகுதி. மேடை, மைக் எல்லாம் எப்போதாவதுதான். சம்பளமும் அப்படித்தான், வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நோட்டு நிரம்பியதும் பிரச்சாரத்துக்கு வரலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 'ஏன்' என்று கேட்காதீர்கள், 'எத்தனை பேர்' என்று கேளுங்கள். ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர் எத்தனை பேர், வழக்குக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்ட முதல்முறைக் கைதி எத்தனை பேர் (பி.என்.எஸ்.எஸ். 479ஆம் பிரிவில் இவர்களை ஜாமீனில் விட வேண்டும், மரண தண்டனை, ஆயுள் தண்டனை வழக்குக்குப் பொருந்தாது). பதிலுக்கு 30 நாள் கெடு.

எண்ணிக்கை கைக்கு வந்ததும் பத்திரிகைக்கு ஓடாதீர்கள். மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. கலெக்டர், எஸ்.பி. இருவரும் அதில் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்பே மூவருக்கும் தனித்தனியாகக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்தும் அசைவில்லையா, அந்த முத்திரை நகலோடு நிருபர்களைக் கூப்பிடுங்கள்.