ராக் பாடகரின் வாழ்க்கைப் படமும் அரங்கின் கைதட்டலும்: பார்வையாளர் கருத்தைத் தொகுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையிடல் முடிந்தபின் பார்வையாளர்களுடன் பேசி, அவர்கள் சொன்னவற்றைத் தொகுத்து எழுதும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் குறிப்புகளை அண்மைக்காலமாகத் திருத்திக் கொடுக்கும்போது, நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள் ஒன்றுவிடாமல் திரும்ப வருவதைக் காண்கிறேன். ராக் பாடகர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் படம் என்றால் ஓரளவு பழகியவர்களும்கூடத் தடுமாறிவிடுகிறார்கள். பெயர்களைப் பிழையாக எழுதுவது, முடிவைப் போட்டு உடைப்பது, தெரிந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும், குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியைப் பற்றி 2018இல் வெளிவந்த ‘பொஹிமியன் ராப்சடி’ படத்திலிருந்தே தருகிறேன். உலகெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, நான்கு ஆஸ்கார் விருதுகளையும் பெற்று, விமர்சகர்களை மட்டும் இரண்டாகப் பிளந்த படம் அது. அதைப் பற்றிய குறிப்புகளில் நான் பார்த்த குழப்பம் வேறெந்தப் படத்துக்கும் வந்ததில்லை.

பாட்டுக்கு விழுந்த கைதட்டலைப் படத்தின் கணக்கில் எழுதுதல்

மற்றத் தவறுகளைத் திருத்திவிட்டு மறந்துவிடுவேன். இதைப் பார்க்கும்போது மட்டும் இன்றும் எரிச்சல் வருகிறது. இதனால் வரும் இழப்பு குறிப்பை எழுதியவரோடு நிற்பதில்லை என்பதே காரணம்.

அந்தப் படம் 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியோடு உச்சத்தை அடைகிறது. குயீன் அன்று மேடையில் இருந்த இருபது நிமிடச் சொச்சத்தில் இரண்டு பாடல்களைத் தவிர மற்றவை திரையரங்குப் பதிப்பில் அப்படியே நிகழ்த்திக் காட்டப்படுகின்றன. நடித்தவர் ராமி மாலெக். நாம் கேட்பது ஃப்ரெடி அன்று மேடையில் பாடிய குரல். படத்தின் வேறு சில இடங்களில் மார்க் மார்ட்டெல் என்ற பாடகரின் குரலும் கலந்து வருகிறது. ஆக, அரங்கம் எழுந்து நின்று கைதட்டும்போது அதில் எவ்வளவு 1985க்கு உரியது, எவ்வளவு 2018க்கு உரியது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் “படத்துக்கு மக்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள்” என்று எழுதுவது உண்மையை எழுதியதாகாது.

இப்படி ஒரு குறிப்பை நம்பித் திரைப்படச் சங்கம் ஒன்று பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுடைய திரையிடலில் கடைசிக் காட்சியின்போது இருக்கையில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. தலைக்கு மேல் இரு கைகளையும் உயர்த்தி, திரையிலிருந்த கூட்டத்தோடு சேர்ந்து அத்தனை பேரும் தட்டினார்கள். குறிப்பெழுத வந்திருந்த இளைஞர் அந்தக் காட்சியை மிக அழகாக வருணித்துவிட்டு, “இசைக் கலைஞர்களின் வாழ்க்கைப் படங்களுக்கு இங்கே பெரும் வரவேற்பு இருக்கிறது” என்று முடித்திருந்தார். சங்கத்தினர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பெரிய அரங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, இத்தகைய படங்களுக்கென்றே ஒரு தொடரை அறிவித்தார்கள்.

தொடரின் முதல் படமாக அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘கண்ட்ரோல்’. ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980இல் தமது 23ஆவது வயதில் தற்கொலை செய்துகொள்ளும் வரையிலான வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளையில் சொல்லும் 2007ஆம் ஆண்டுப் படம் அது. நடிகர்களே பாடி, கருவிகளையும் வாசித்திருக்கும் அருமையான படம். ஆனால் தட்டிக்கொண்டு பாடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. கைதட்ட வந்த கூட்டம் முதல் ஒரு மணி நேரத்தில் நெளியத் தொடங்கியது. பின்வரிசைகளில் கைப்பேசி வெளிச்சங்கள் தெரிந்தன. பாதிப்பேர் முடிவு வரை இருக்கவில்லை. அடுத்த திரையிடல்களுக்குக் கொடுத்த முன்பணத்தைச் சங்கத்தால் திரும்பப் பெற முடியவில்லை. நல்ல படம் ஒன்றும் தனக்குரிய பார்வையாளரைச் சந்திக்காமலே போனது. எனக்கு அதில்தான் மிகுந்த வருத்தம். முதல் திரையிடலுக்கு வந்தவர்கள் விரும்பியது தங்களுக்கு முன்பே மனப்பாடமான பாடல்களை; வாழ்க்கைப் படம் என்ற வகையை அன்று. அதைக் கண்டறியக் குறிப்பெழுதியவருக்குக் கூடுதலாக ஒரே ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும்.

நான் கேட்கும் கேள்வி எளிமையானது: “மேடைக்கு வெளியே நடந்த காட்சிகளில் எது உங்கள் நினைவில் நிற்கிறது?” பலர் யோசிப்பார்கள், சிலர் மறுபடியும் ஏதாவது ஒரு பாடலின் பெயரைச் சொல்வார்கள். அதுவும் ஒரு விடைதான், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருமுறை, கைதட்டலில் கலந்துகொள்ளாமல் கடைசி வரிசையில் அமைதியாக இருந்த ஒரு பெரியவர் உடனே பதில் சொன்னார். நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு ஃப்ரெடி மருத்துவமனை நடைவழியில் வரும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் இளம் நோயாளி ஒருவர் அவரை அடையாளம் கண்டு, மேடையில் அவர் எழுப்பும் “ஏ… ஓ…” என்ற ஒலியை மெதுவாக எழுப்ப, அவரும் அதே ஒலியில் பதில் சொல்லிவிட்டுப் போகும் காட்சி அது. “அங்கே பாட்டே இல்லை, ஆனால் எனக்கு அதுதான் பாட்டு” என்றார். அந்த விடைதான் திரைக்கதைக்கும் நடிப்புக்கும் கிடைத்த பாராட்டு. அது அந்த இளைஞரின் குறிப்பு போன்றவற்றில் இடம்பெறுவதே இல்லை, ஏனென்றால் அப்படிப்பட்டவர்கள் சத்தம் போடுவதில்லை.

கைதட்டலைப் போலவே கண்ணீரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே கணக்கு நேர்மாறாக விழுகிறது. படத்தில் ஃப்ரெடி லைவ் எய்ட் ஒத்திகையின்போதே தமக்கு எய்ட்ஸ் இருப்பதை இசைக்குழுவினரிடம் சொல்லிவிடுகிறார். அவருடைய துணைவர் ஜிம் ஹட்டன் பின்னாளில் எழுதிய நினைவுகளின்படி, நோய் உறுதியானது 1987இல்தான். அதாவது, 1985இல் வெம்ப்ளியில் திரண்டிருந்த கூட்டம் ஒரு விடைபெறுதலைப் பார்க்கவில்லை, கொண்டாட்டத்தைத்தான் பார்த்தது. 2018இல் திரையரங்கில் உட்கார்ந்தவர்களோ அதே பாடல்களை, சாவை அறிந்த ஒருவரின் குரலாகக் கேட்டு அழுதார்கள். அந்தக் கண்ணீரைப் பாட்டின் கணக்கில் எழுத முடியாது. நோயறிந்த நாளை முன்னே நகர்த்திய திரைக்கதையின் கணக்கில்தான் எழுத வேண்டும். அந்த நகர்த்தலைச் சரியென்று கொள்வதா, சுரண்டல் என்று கொள்வதா என்பது அடுத்த விவாதம். ஒரே பத்து நிமிடத்தில் ஒரே மனிதர் ஒரு பழைய ஒலிப்பதிவுக்குக் கைதட்டி, ஒரு புதிய திரைக்கதைக்கு அழுதிருக்கிறார் என்பதைக் காணத் தவறியவர் அந்த அரங்கில் நடந்ததைக் காணத் தவறியவரே.

திரையிலிருந்த கூட்டத்தையும் கவனியுங்கள். கடைசிக் காட்சியில் ஒளிப்படக்கருவி மேடையைவிட்டு அடிக்கடி வெளியே போகிறது: வெம்ப்ளியின் முன்வரிசை முகங்கள், மதுவிடுதியில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள், வீட்டிலிருக்கும் பெற்றோர், நன்கொடை வந்து குவியும் தொலைபேசிகள். எங்கே எழ வேண்டும், எங்கே நெகிழ வேண்டும் என்பதைப் படமே செய்து காட்டுகிறது. அரங்கம் அதைத் திரும்பச் செய்வதை முழுக்கத் தன்னிச்சையான எழுச்சி என்று வருணிப்பது சரியன்று.

வாசலில் நின்று ஒலிவாங்கியை நீட்டுதல்

அரை மணி நேரமாவது பொறுங்கள்.

முதல் நாள் கூட்டத்தை எல்லாரும் என்று கொள்ளுதல்

முதல் நாள் இரவில் வருகிறவர்கள் ஏற்கெனவே முடிவோடு வருகிறவர்கள். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் நிறுவனம் திறப்பு நாள் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்குகிறது. இந்தப் படத்துக்கு அங்கே ‘ஏ’ கிடைத்தது. அந்த எழுத்தை மேற்கோள் காட்டுவதில் தவறில்லை. அது யாரிடம் வாங்கியது என்பதையும் உடன் எழுத வேண்டும். நீங்களாகக் கேட்கும்போது, பாடகரை முன்பே அறிந்து வந்தவர் யார், படத்தின் வழியாகவே அறிந்துகொண்டவர் யார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்டகால ரசிகர் ஒருவர், ‘வீ வில் ராக் யூ’ பாடல் 1977இல் வந்தது, படத்தில் அது 1980இல் மீசை வைத்த ஃப்ரெடியின் காலத்தில் உருவாகிறதே என்று கொதிப்பார். அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுக்காரருக்கு மேசையையும் தரையையும் தட்டத் தோன்றியிருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து “கலவையான வரவேற்பு” என்று எழுதினால், இல்லாத மூன்றாவது ஆள் ஒருவரை உண்டாக்கிவிடுகிறீர்கள்.

‘விமர்சகர்கள் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம்’

எழுதச் சுலபமான தலைப்பு என்பதால் எல்லாரும் இதற்கே ஓடுகிறார்கள். இந்தப் படத்தின் படத்தொகுப்புக்கு ஆஸ்கார் கொடுத்தவர்கள் திரைத்துறையினர். இசைக்குழுவினர் மேலாளராக வரப்போகிறவரைத் திறந்தவெளி மேசையில் சந்திக்கும் சிறு காட்சி நொடிக்கு நொடி வெட்டப்பட்டிருப்பதை இணையத்தில் பகிர்ந்து கேலி செய்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணப் பார்வையாளர்கள். இந்த இரண்டு பக்கக் கணக்கில் அவர்களை எங்கே வைப்பீர்கள்?

பிழைப்பட்டியலைக் கருத்து என்று நினைத்தல்

வாழ்க்கைப் படம் வந்தவுடன் தேதிப் பிழைகளின் பட்டியல் வருவது வழக்கம். அதை அப்படியே நகலெடுத்து, “உண்மைக்கு மாறானது என்று மக்கள் கருதுகிறார்கள்” என்று எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: பார்வையாளர்கள் எல்லா மாற்றங்களுக்கும் ஒரே மாதிரி கோபப்படுவதில்லை. எல்டன் ஜானைப் பற்றிய ‘ராக்கெட்மேன்’ 2019இல் வந்தபோது, பாடல்கள் காலவரிசையை மீறி வந்ததைப் பெரும்பாலோர் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். கதாநாயகனும் பார்வையாளர்களும் தரையிலிருந்து மேலெழுந்து மிதக்கும் ஒரு படம் நாட்குறிப்பாக நடிக்கவில்லை. எல்டனாக நடித்த டாரன் எகர்ட்டன் தம் சொந்தக் குரலிலேயே பாடியதால் அங்கே கைதட்டலின் கணக்கும் வேறு.

பாப் டிலனைப் பற்றிய 2024ஆம் ஆண்டுப் படத்தில் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. 1965 நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்புறப் பாடகராக அறியப்பட்ட அவர் மின்கிதாரோடு பாடும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் துரோகி என்ற பொருளில் “யூதாஸ்” என்று கத்துகிறார். அந்தக் குரல் உண்மையில் எழுந்தது 1966 மே மாதம், மான்செஸ்டரில். இங்கே இடம்மாறியது ஒரு பார்வையாளரின் எதிர்வினை! நம் வேலையில் இருப்பவர்கள் இதைக் கடந்து போகக் கூடாது. ஆனால் இதைப் பற்றிப் பேசியவர்களிடம் நான் கண்டது, இடம் மாறினாலும் ஆத்திரம் உண்மையானதுதானே என்ற நிதானம். ஃப்ரெடியின் நோயறிதலை நகர்த்தியது பற்றிப் பேசும்போது அந்த நிதானம் இருப்பதில்லை. ஒன்று காட்சியின் வசதிக்காகச் செய்தது, மற்றொன்று ஒரு மனிதரின் மிக அந்தரங்கமான நேரத்தில் கை வைத்தது என்று அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். எந்தப் பிழை, யாரை, எவ்வளவு காயப்படுத்தியது என்று எழுதினால்தான் அது எதிர்வினையின் பதிவு.

மௌனத்தைச் சலிப்பு என்று எழுதுதல்

எழுந்து போனவரையும் எழ முடியாமல் உட்கார்ந்திருப்பவரையும் ஒன்றாக்காதீர்கள்.

குடும்பத்தாரின், குழுவினரின் பாராட்டு

குயீன் குழுவின் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரும் படத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர்கள். அவர்கள் சொல்வது பார்வையாளர் கருத்து அன்று.

எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்ததாக எண்ணுதல்

2019 மார்ச்சில் சீனத் திரையரங்குகளில் வெளியான பதிப்பில் ஃப்ரெடியின் பாலீர்ப்பு தொடர்பான காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன. இசைக்குழுவினர் பெண்வேடமிட்டு ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ காணொளி எடுக்கும் பகுதியும் அதில் இல்லை. ‘ராக்கெட்மேன்’ படத்துக்கு ரஷ்யாவில் இதே கதி நேர்ந்தது. வெட்டிய பதிப்பைப் பார்த்தவர் “கதை நடுவில் தாவுகிறது” என்று சொன்னால், அது இயக்குநருக்கு எதிரான கருத்தா, கத்தரிக்கு எதிரான கருத்தா? தென்கொரியாவில் நடந்தது இதற்கு மறுபக்கம். சேர்ந்து பாடும் காட்சிகளாகத் திரையிடப்பட்டு, திரும்பத் திரும்ப வந்தவர்களால் அங்கே பார்த்தோர் எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியது. பாடுவதற்காக மூன்றாவது முறை வந்தவரையும், ஒன்றும் தெரியாமல் முதல்முறை வந்து அமைதியான அரங்கில் பார்த்தவரையும் ஒரே பத்தியில் மேற்கோள் காட்டும் குறிப்புகளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். எந்தப் பதிப்பு, எந்த மாதிரித் திரையிடல், பார்த்தவருக்கு எத்தனையாவது முறை என்ற மூன்றையும் ஒவ்வொருவரின் கருத்துக்கும் மேலே எழுதிக்கொண்டு, அதன்பிறகு அவர்கள் சொன்னதை எழுதத் தொடங்குங்கள்.