வாட்டர்கலர் கலங்கிச் சேறாகாமல் இருக்க

மரமும் ஆறும் வரைந்தால் கடைசியில் எல்லாம் கலங்கிப் பழுப்பாகிவிடுகிறதா? ஆங்கில ஓவியர் ஜான் செல் காட்மன் (1782–1842) செய்ததைச் செய்து பாருங்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பார்த்து, 1805 வாக்கில் அவர் தீட்டிய ‘கிரேட்டா பாலம்’ என்ற படத்தில் மரங்களை இலை இலையாக வரையவில்லை. தட்டையான வண்ணத் திட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும், அவ்வளவுதான்.

முதல் திட்டு முழுக்கக் காயட்டும். புறங்கையை வைத்தால் தாள் சில்லென்று இருக்கிறதா? இன்னும் ஈரம்தான், பொறுங்கள். காய்ந்த பிறகு அடுத்த திட்டை ஒரே இழுப்பில் இழுங்கள். திரும்பத் தேய்க்க வேண்டாம். வெளிச்சம் விழும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள், வெள்ளை வண்ணம் தேவையில்லை.

அப்புறம், 1830களில் இவரே வண்ணத்தில் பசை கலந்து கெட்டியாகத் தீட்டினார். எனக்கென்னவோ அந்தப் பழைய தட்டைப் படங்கள்தான் பிடிக்கும்.