எஃப்எஃப்எம்பெக் பாதியில் நின்றால் பைப்பைப் பாருங்கள்

பழைய கேசட் பதிவுகளை எம்பி3 ஆக்க ஒரு பைதான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். உண்மையில் வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற, ஒலி-வீடியோ ஃபைல்களை மாற்றும் புரோகிராம். பைதான் பேரன்ட்டாக இருந்து அதைத் தனக்குக் கீழே சைல்ட் பிராசஸாக ஓட்டுகிறது, அவ்வளவுதான். இப்படி எழுதுகிற நண்பர்கள் அடிக்கடி கேட்பது: சின்ன ஃபைல் ஓடுகிறது, பெரிய ஃபைல் பாதியில் அப்படியே நிற்கிறது, எரரும் வரவில்லை, ஏன்?

எந்த பிராசஸுக்கும் தொடக்கத்தில் மூன்று வாசல்கள்: 0 உள்ளீடு (எஸ்டிடிஇன்), 1 வெளியீடு (எஸ்டிடிஅவுட்), 2 பிழைச்செய்தி (எஸ்டிடிஎரர்). எஃப்எஃப்எம்பெக் தன் லாக் முழுவதையும் 2-இல்தான் கொட்டும். பைதானில் வேறு புரோகிராமை ஓட்ட உதவும் சப்பிராசஸ் மாட்யூலில், எஸ்டிடிஎரருக்கு பைப் (சைல்ட் எழுதுவதைப் பேரன்ட் படிக்கும் குழாய்) கொடுத்துவிட்டு, சைல்ட் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்டைக் கூப்பிட்டால் சிக்கல் அங்கேதான். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் பிடிக்கும். நிரம்பிவிட்டால், யாராவது படித்து இடம் விடும்வரை சைல்ட் எழுத முடியாமல் நிற்கும். பேரன்ட்டோ சைல்ட் முடியட்டும் என்று நிற்கிறது. யாரும் நகர மாட்டார்கள்.

வெயிட்டுக்குப் பதில் கம்யூனிகேட் போடுங்கள். அது இரண்டு வெளியீடுகளையும் சேர்த்தே படித்துக்கொண்டிருக்கும். ஆனால் எல்லாவற்றையும் மெமரியில் சேர்க்கும். அதனால் நீளமான பதிவுகளுக்கு நான் ஒரு லாக் ஃபைலைத் திறந்து அதையே எஸ்டிடிஎரராகக் கொடுத்துவிடுவேன். பைப்பே இல்லை, நிரம்பும் பேச்சும் இல்லை. நாளைக்கு ஒரு ஃபைல் கெட்டால் காரணம் பார்க்க லாக்கும் கையில் இருக்கும்.

எஸ்டிடிஎரரை எஸ்டிடிஅவுட்டோடு இணைப்பது வசதிதான். ஆனால் எம்பி3-ஐயே எஸ்டிடிஅவுட் வழியாக வாங்குகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். லாக் எழுத்துகள் ஒலித் தரவுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும்.

பலரும் மறப்பது உள்ளீட்டை. எஃப்எஃப்எம்பெக் ஓடும்போதே கீபோர்டைக் கவனிக்கும்; க்யூ அழுத்தினால் நிற்பது அதனால்தான். ஒன்றும் சொல்லாவிட்டால் பேரன்ட்டின் எஸ்டிடிஇன் அதற்கும் போகும். ஷெல்லில் (டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) ஃபைல் பெயர்களை வரிவரியாகப் படிக்கும் லூப்புக்குள் ஓட்டினால், அடுத்த பெயரின் முதல் சில எழுத்துகளை அது விழுங்கிவிடும். ‘ஃபைல் இல்லை’ என்று வரும். பைதானில் எஸ்டிடிஇன்னுக்கு டெவ்நல் (படித்தால் ஒன்றும் வராத வெற்று உள்ளீடு) கொடுங்கள். ஷெல்லில் எஃப்எஃப்எம்பெக்கின் நோஎஸ்டிடிஇன் (-nostdin) ஆப்ஷன் போதும்.

சரி, சைல்டும் பைதான் ஸ்கிரிப்ட்தான் என்றால்? டெர்மினலில் வரிவரியாக வந்த பிரின்ட், பைப்பில் மொத்தமாகச் சேர்ந்துதான் வரும். அந்த பைதானை மைனஸ் யு (-u) போட்டு ஓட்டுங்கள், உடனுக்குடன் வரும்.