அரிய மரபணு நோய் ஆராய்ச்சிக்கு உதவுவது எப்படி? உண்டியலுக்கு முன் ஒரு பதிவேடு

வீட்டில் ஒருவருக்கு அரிய மரபணு நோய் என்று ரிப்போர்ட் வந்து, முதல் அதிர்ச்சி கொஞ்சம் அடங்கியதும் பலரும் சொல்வது இதைத்தான்: "ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவோம்." எண்ணம் நல்லது, வரிசைதான் தப்பு. இந்த நோய்களில் ஆராய்ச்சி நகராமல் கிடப்பதற்குப் பணத்தட்டுப்பாடு ஒரு காரணம். நோயாளிகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், நோய் அவர்களிடம் எப்படி முற்றுகிறது என்ற கணக்கே யாரிடமும் இல்லாதது இன்னொரு காரணம். அந்தக் கணக்கைக் குடும்பங்களால்தான் தயார் செய்ய முடியும். அதனால் இங்கே பணம் நான்காவது படியில்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நோயின் பெயர் போதாது

அரிய நோய்கள் சுமார் 7,000 இருப்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலானவை மரபணுவில் தொடங்குபவை. ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருப்பதும் உண்டு. பிள்ளைகளின் மூளை நரம்புகளைப் பாதிக்கும் பேட்டன் நோயில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மரபணு. ஒரு வகைக்கான மருந்து இன்னொரு வகைக்கு உதவாது.

ஆகவே மரபணுச் சோதனை ரிப்போர்ட்டை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மரபணுவின் பெயர், அதில் நேர்ந்த மாற்றத்தின் குறியீடு, அந்த மாற்றம் நோயை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார்களா அல்லது 'பொருள் தெளிவில்லை' என்று விட்டிருக்கிறார்களா என்பது. தெளிவில்லை என்றிருந்தால் அதை அப்படியே கோப்பில் வைத்துவிடாதீர்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்து மரபணு ஆலோசகரிடம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புதிய தகவல் வரவர அந்த வகைப்பாடு மாறும்.

படி 2: ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்?

பிரான்ஸில் 1997இல் தொடங்கிய ஆர்ஃபாநெட் தரவுத்தளத்தில் நோயின் பெயரைத் தேடினால் சங்கங்கள், சிறப்பு மையங்கள், ஆய்வுகள் எல்லாம் வரும். 'கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ்' தளத்தில் நடக்கும் மருந்துச் சோதனைகள் தெரியும். ஒரு சங்கம் ஏற்கெனவே உருப்படியாக இயங்கினால் அதில் சேர்ந்துவிடுங்கள். இருநூறு நோயாளிகள் மூன்று சங்கமாகப் பிரிந்து நின்றால், எந்த விஞ்ஞானிக்கும் யாருடன் பேசுவதென்றே புரியாது. சொந்தமாக ஒன்று தொடங்கும் ஆசையைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள்.

படி 3: பதிவேடு, மாதிரி, வீடியோ

என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஷரன் டெரி, பேட்ரிக் டெரி என்றொரு தம்பதி. அவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கும் பிஎக்ஸ்இ என்ற நோய். தோலும் பார்வையும் பாதிக்கப்படும். இருவரும் மருத்துவர்களும் அல்ல, விஞ்ஞானிகளும் அல்ல. ஒரு குழு வந்து பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் போனது. சில நாளில் இன்னொரு குழுவும் அதே ரத்தத்துக்கு வந்து நின்றது. ஏன் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று கேட்டால், அந்த வழக்கமே இல்லையாம். 1995இல் அவர்களே ஓர் அமைப்பைத் தொடங்கி, நோயாளிகளின் ரத்தத்தையும் திசுவையும் சேமிக்கும் வங்கி ஒன்றை ஏற்படுத்தினார்கள். மாதிரி வேண்டுமென்றால் அமைப்பின் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும். 2000இல் அந்த நோய்க்குக் காரணமான ஏபிசிசி6 என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது; அதன் காப்புரிமையும் நோயாளர் அமைப்பின் கைக்கே வந்தது. அவர்களிடம் பெரிய பணம் இல்லை, சாவி மட்டும் இருந்தது.

நீங்கள் செய்யக்கூடியது இது. உங்கள் நோய்க்கு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிவைக்கும் பதிவேடு இருந்தால் பெயரைச் சேர்த்து, ஆண்டுதோறும் விவரத்தைப் புதுப்பியுங்கள். ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துபோகும் குடும்பங்கள் ஏராளம். அப்புறம், வீட்டிலேயே நோயின் போக்கைக் குறித்துவையுங்கள். "நடக்கச் சிரமப்படுகிறான்" என்று எழுதினால் ஆய்வாளருக்கு ஒன்றும் கிடைக்காது. தசைநலிவு நோய்களில் மருத்துவர்கள் பார்க்கும் அளவுகளில் ஒன்று, தரையில் படுத்திருக்கும் பிள்ளை எழுந்து நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்பது. இதைப் போனிலேயே எடுக்கலாம்: அதே தரை, அதே கோணம், செருப்பில்லாத கால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதல் வீடியோவில் பிள்ளை கையை ஊன்றாமல் எழுந்திருக்கும்; நான்காவதில் முழங்காலைப் பிடித்துத் தொடைமேல் கையை ஏற்றி ஏற்றி எழும். மருந்து இல்லாமல் நோய் எப்படி நகரும் என்று தெரிந்தால்தான், மருந்து கொடுத்தபின் மாற்றம் வந்ததா என்று சொல்ல முடியும். எந்த அளவை எடுப்பது என்பது நோய்க்கு நோய் மாறும். உங்கள் மருத்துவரையே கேளுங்கள்.

ரத்தமோ தோல் திசுவோ கொடுக்கும்போது ஒப்புதல் படிவத்தைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். மாதிரி மற்ற ஆய்வுக்கூடங்களுக்கும் போகுமா, தரவைப் பகிர்வார்களா, பின்னால் விலகிக்கொள்ள முடியுமா என்ற மூன்றுக்கும் பதில் அதில் இருக்க வேண்டும்.

படி 4: எந்தக் கேள்விக்குப் பணம்?

சரி, இப்போது பணம். 'நோயைக் குணப்படுத்த' என்று பணம் கொடுக்காதீர்கள். பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்விக்குக் கொடுங்கள். சிறிய அமைப்புக்குக் கட்டுப்படியாகும் வழிகளில் ஒன்று, வேறு நோய்க்கு ஏற்கெனவே இருக்கும் மருந்தைச் சோதிப்பது. சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியாவை 1902லேயே ஆர்ச்சிபால்ட் காரட் பரம்பரை நோய் என்று விளக்கினார். மருந்து வர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. வந்த மருந்தோ, களைக்கொல்லி ஆராய்ச்சியில் பிறந்து டைரோசினீமியா என்ற இன்னொரு நோய்க்குப் பயன்பட்டுவந்த நிடிசினோன்! நோயாளர் சங்கமும் சேர்ந்து நடத்திய பெரிய சோதனையில் கலந்துகொண்டவர்கள் 138 பேர்தான். 2020இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

பெரிய அளவில் செய்தவர்களும் உண்டு. நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய்க்கான அமெரிக்க அறக்கட்டளை சுமார் 15 கோடி டாலரை மருந்து நிறுவனத்தில் போட்டது. அதில் உருவான கேலிடெகோ மருந்து 2012இல் அனுமதி பெற்றது. 2014இல் அறக்கட்டளை தன் ராயல்டி உரிமையை, அதாவது மருந்து விற்பனையில் தனக்கு வரவேண்டிய பங்கை, 330 கோடி டாலருக்கு விற்றது. அந்தப் பணம் அடுத்த ஆராய்ச்சிகளுக்குப் போனது. ஆனால் அந்த மருந்தின் ஆரம்ப விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் டாலர். குடும்பங்கள் திரட்டிய பணத்தில் பிறந்த மருந்தை அதே குடும்பங்கள் வாங்க முடியாமல் போவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால், மருந்து எல்லோர் கைக்கும் எட்டுவதைப் பற்றிய ஷரத்தை முதலிலேயே கேளுங்கள்.

படி 5: கொடுப்பதற்கு முன்

ஆய்வுத் திட்டத்தை அதோடு சம்பந்தமில்லாத இரண்டு மூன்று விஞ்ஞானிகள் படித்திருக்க வேண்டும். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். ஒரு கட்டம் முடிந்து அறிக்கை வந்தபின் அடுத்த தவணை. பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவாக எத்தனை சதவீதம் எடுக்கும் என்று கேளுங்கள். முடிவு எதிர்மறையாக வந்தாலும் வெளியிடுவோம் என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. கலந்துகொள்ள நோயாளியிடமே பெரும் தொகை கேட்கும் 'மருந்துச் சோதனை' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான சோதனையில் பொதுவாகச் சோதனை மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் காட்டுவார்கள். ஸ்டெம் செல் என்ற பெயரில் எதையும் குணமாக்குவதாகச் சொல்லும் கிளினிக்குகள் இந்தக் குடும்பங்களைத்தான் குறிவைக்கின்றன.

படி 6: திரட்டுவது

ஒரு பிள்ளையின் சிகிச்சைக்கான பணமும் ஆராய்ச்சிக்கான பணமும் ஒரே கணக்கில் சேரவே கூடாது. பிள்ளையின் படத்தைப் போடும் முன், பதினெட்டு வயதில் அவன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று யோசியுங்கள். பிப்ரவரியின் கடைசி நாள் 2008 முதல் அரிய நோய்கள் தினம்; அன்று பேசினால் கேட்கக் காதுகள் அதிகம்.

பணம் கொடுத்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலு வரி எழுதுங்கள், செய்தி கசப்பாக இருந்தாலும். இப்படி: "எலிகளில் அந்த மருந்து வேலை செய்யவில்லை. ஆய்வுக்கூடம் முடிவை வெளியிடுகிறது. இரண்டாம் தவணையை நிறுத்தியிருக்கிறோம். பணம் கணக்கில் அப்படியே இருக்கிறது. பதிவேட்டில் இந்த ஆறு மாதத்தில் புதிதாக ஒன்பது குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன."