லாரியை லாரியாகவே சிக்னலுக்குக் காட்டுவது எப்படி?

டெக்சாஸ் நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் சிக்னல் பெட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. மணிக்கு 90 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 25 மீட்டரில், சரக்கோடு வரும் லாரிக்கு முன் மஞ்சள் விழுந்தால் ஓட்டுநர் தவித்துப்போவார். நிற்பதா, போவதா? நிறுத்தக்கோட்டுக்கு 5.5 விநாடி இருக்கும்போது தொடங்கும் அந்தத் தவிப்பு, 2.5 விநாடி தொலைவு வரை நீடிக்கும். லாரி அந்த இடத்தில் இருக்கும்போது பச்சையை வெட்டக் கூடாது.

கோட்டுக்கு 225 மீட்டர் முன்னால், சாலைக்குள் இரண்டு லூப் பதியுங்கள்; லூப் என்றால், மேலே வரும் வண்டியின் உலோகத்தை உணரும் கம்பிச் சுருள். முன் விளிம்புக்கு முன் விளிம்பு 5 மீட்டர். முதல் லூப்பைத் தொட்ட வண்டி 0.2 விநாடியில் அடுத்ததைத் தொட்டால், வேகம் விநாடிக்கு 25 மீட்டர். லூப் மேல் 0.72 விநாடி இருந்தால் 18 மீட்டர்; லூப்பின் 1.8 மீட்டரைக் கழித்தால் வண்டியின் நீளம் 16.2 மீட்டர். கார் என்றால் நான்கைந்து மீட்டர்தான். நான் 10 மீட்டரைத் தாண்டினால் லாரி என்று வைக்கிறேன். பேருந்தும் அதில் சேரும், சேரட்டும். அதுவும் சட்டென்று நிற்காது.

அப்புறம், பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. ஒரு காலையில் பெட்டியைத் திறந்து டிடெக்டர் விளக்கையே, அதாவது லூப் மேல் வண்டி இருக்கும்வரை எரியும் விளக்கையே, பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட டிரெய்லர் ஒன்று போனது. விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கணக்கில் இரண்டு கார்! பச்சை முடிந்தது, டயர் தேயும் நாற்றம் பெட்டி வரை வந்தது. 1.8 மீட்டர் அகல லூப் சுமார் 1.2 மீட்டர் உயரம் வரைதான் நன்றாக உணரும். டிரெய்லரின் அடிப்பகுதி அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

உணர்திறனை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். அளவு மீறினால் பக்கத்துத் தடத்து வண்டியும் கணக்கில் வந்துவிடும். அதனால் டிடெக்டர் நீட்டிப்பை, அதாவது வண்டி விலகிய பிறகும் விளக்கு எரியும் நேரத்தை, அரை விநாடி வையுங்கள். இழுவை வண்டியின் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் நடுவே 10 மீட்டர் இருந்தாலும் 0.4 விநாடிதான், விளக்கு அணையாது. நீளம் கணக்கிடும்போது அந்த அரை விநாடியை மறக்காமல் கழியுங்கள்.

லாரி என்று தெரிந்ததும், முதல் லூப்பைத் தொட்ட நொடியிலிருந்து 6.5 விநாடி பச்சையைப் பிடித்து வையுங்கள்: 225 மீட்டருக்கு 9 விநாடி, அதில் கடைசி 2.5 விநாடியைக் கழித்தது. விநாடிக்கு 20 மீட்டரில் வந்தால் 8.75 விநாடி. ஒரே எண்ணை எல்லா லாரிக்கும் போடாதீர்கள். குறுக்குச் சாலைக்காரர்கள் காத்தே கிடக்காமலிருக்க, பச்சைக்கு உச்ச வரம்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடைசியில், ஒருவரைச் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்தி, லாரி வரும்போதெல்லாம் போனில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் டிடெக்டர் விளக்கோடு ஒப்பிடுங்கள்.