முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் முன்

ஓப்பன் சோர்ஸ் என்றால் யாரும் கோடைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள்; 'என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பும் கோரிக்கைதான் புல் ரிக்வெஸ்ட். இதில் சேர நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது, புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று குறிக்கும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளைத்தான். நானும் அப்படித்தான் தேடினேன். பிரபலமான புராஜெக்ட்களில் அந்த லேபிள் விழுந்த சில மணி நேரத்திலேயே 'இதை நான் செய்கிறேன்' என்று வரிசை கட்டிவிடுகிறார்கள். அதனால் நீங்கள் தினமும் பயன்படுத்துகிற சின்னக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்கு எரிச்சல் தரும் விஷயம் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

எனக்கு அது டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிடும் ஒரு சிறு நிரல். பெயர்களை ஏழு எழுத்தோடு வெட்டும்படி அமைத்திருந்தேன். 'விடுமுறை' என்ற ஃபோல்டரை அது 'விடுமுற' என்று காட்டியது. எண்ணிப் பாருங்கள், நாலே எழுத்து! ஆனால் யூனிகோடில் உயிர்மெய்யின் துணைக்குறிக்குத் தனிக் குறியீடு உண்டு. நிரல் அவற்றையும் சேர்த்து எட்டு என்று எண்ணி, கடைசி ஐகாரத்தை நறுக்கிவிட்டது.

பிழை கிடைத்ததும் கோடில் கை வைக்காதீர்கள். முதலில் இஷ்யூக்களில், அதாவது புராஜெக்ட்டின் பிழைப் பதிவுகளில், தேடுங்கள், மூடப்பட்டவற்றிலும். இல்லையென்றால் நீங்களே ஒன்று எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம். கடைசியில் 'நானே சரிசெய்து பார்க்கலாமா?' என்று ஒரு வரி.

பதில் வருவதற்குள் கோடை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஃபோர்க் செய்து (உங்களுக்கென ஒரு நகல்), குளோன் எடுத்து (அந்த நகலை இறக்கி), உங்கள் கணினியில் அதை ஓட வையுங்கள். நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது தோற்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பாதி நேரம் இங்கேதான் போகும். போனால் நல்லது. எப்படி ஓட வைப்பது என்று சொல்லும் ரீட்மீ கோப்பில் ஒரு படி விட்டுப்போயிருந்ததால் நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் படியைச் சேர்த்த ஒற்றை வரிதான் ஏற்கப்பட்ட என் முதல் பங்களிப்பு. அதற்காகத் தேவையில்லாத சொல்லை ரீட்மீயில் திணித்து அனுப்பாதீர்கள். புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறவர்களுக்குப் பரிசு தந்த அக்டோபர் நிகழ்வான 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில் டி-ஷர்ட்டுக்காகப் பலர் அப்படிச் செய்ததில், விரும்பிய புராஜெக்ட்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, இப்போது கோட். மெயினில் (முதன்மைக் கிளை) வேலை செய்யாமல் தனி பிராஞ்ச் (கிளை) போடுங்கள். பங்களிப்பு விதிகளைச் சொல்லும் 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற கோப்பு இருந்தால் படித்துவிடுங்கள். சிலர் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவுசெய்த மாற்றம்) 'இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு' என்று உறுதிசொல்லும் 'சைன்டு-ஆஃப்-பை' வரி கேட்பார்கள், சிலர் ஒப்பந்தம் ஒன்றில் சம்மதம் கேட்பார்கள்.

கமிட் போடும் முன், என்னென்ன மாறியிருக்கிறது என்று காட்டும் 'கிட் டிஃப்' கட்டளை கட்டாயம். நான் அதைப் பார்க்காமல் அனுப்பினேன். என் எடிட்டர், சேமிக்கும்போதெல்லாம் கோப்பு முழுவதையும் தன் இஷ்டத்துக்கு ஒழுங்குபடுத்தியிருந்தது. ஆறு வரித் திருத்தத்தோடு நானூறு வரி இடைவெளி மாற்றமும் போய்ச் சேர்ந்தது. 'இதில் உங்கள் திருத்தம் எது?' என்று புராஜெக்ட்டின் பராமரிப்பாளர் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. எடிட்டரில் அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். அடுத்து 'டெஸ்ட் எங்கே?' என்றார். 'விடுமுறை'யையே டெஸ்ட்டாக எழுதிச் சேர்த்தேன். திருத்தம் கேட்டால் புது புல் ரிக்வெஸ்ட் திறக்க வேண்டாம். அதே பிராஞ்சில் புஷ் செய்தால் (மாற்றத்தை ஏற்றினால்) போதும். விளக்கத்தில் 'ஃபிக்ஸஸ்' என்று போட்டு இஷ்யூ எண்ணையும் எழுதினால், மெயினில் மெர்ஜ் ஆனதும் (சேர்க்கப்பட்டதும்) கிட்ஹப் அந்த இஷ்யூவைத் தானே மூடிவிடும்.

இரண்டு வாரம் சத்தமே இல்லையா? ஒருமுறை பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் வேலை முடித்த இரவுகளில் சம்பளமில்லாமல் பார்க்கிறவர்கள்தான் மறுபக்கம் இருக்கிறார்கள். அப்புறமும் பதில் வராவிட்டால் வேறு கருவி பாருங்கள்.

மெர்ஜ் ஆனதும் பிராஞ்சை அழித்துவிட்டு, புராஜெக்ட்டின் மூல ரெப்பாசிட்டரியிலிருந்து (கோட் இருக்கும் இடம்) மெயினைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நான் அதை மறந்து பழைய மெயினிலிருந்தே அடுத்த வேலையைத் தொடங்கினேன். என் அடுத்த புல் ரிக்வெஸ்ட் முழுக்க கான்ஃப்ளிக்ட், ஒரே இடத்தில் இரண்டு மாற்றங்கள் மோதிக்கொண்டு நின்றன.