நெக்கைப் பழிக்கும் முன் அந்த நாலு ஸ்க்ரூவைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஆறு மாதம் ஆனால் போதும், மீட்டிய சுரம் ஏன் இவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்ற கவலை வந்துவிடும். பழி நேராக நெக் மூட்டின் மேல், அதாவது தந்தியை அழுத்தும் நீளக் கழுத்து (நெக்) கிட்டாரின் உடலோடு (பாடி) சேரும் இடத்தின் மேல்தான் விழும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரில் நெக்கை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். 1952-இன் லெஸ் பால் கிட்டாரில் பசையால் ஒட்டியிருப்பார்கள். 1963-இன் ஃபயர்பேர்ட் கிட்டாரில் நெக் மரமே பாடியின் நடுவே கடைசிவரை ஓடும். ஸ்க்ரூ என்றால் மட்டம், ஒட்டியது நல்லது, ஒரே மரம் உத்தமம் என்று ஒரு வரிசை சொல்வார்கள். நான் நம்புவதில்லை. மூட்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தால் எந்த வகை என்று காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். உட்காராவிட்டால்தான் தந்தியின் அதிர்வை அந்த இடைவெளி தின்றுவிடும்.

ஸ்க்ரூ வகை கிட்டாரா? சரி, முதலில் போனில் பதிவு செய்யுங்கள். மூன்றாவது தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தி மீட்டி, ஒலி அடங்க எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். தந்தி பழசாக இருந்தால் அதை மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தப் பிக்கப் தந்திக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தாலும் காந்தம் இழுத்து அதிர்வைக் கெடுக்கும், அதையும் கொஞ்சம் இறக்குங்கள். பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய சந்து இருந்தால் பரவாயில்லை. நெக்கின் அடிப்பகுதியில் கார்டு உள்ளே போகக் கூடாது. போனால், தந்திகள் சுருதியில் இருக்கும்போதே நாலு ஸ்க்ரூவையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தந்தியின் இழுப்பில் நெக் தானாகப் பாடியில் உள்ள குழிக்குள் போய் உட்காரும், சில நேரம் 'டிக்' என்று கேட்கும். அப்புறம் எதிரெதிர் மூலையாக, கையால், சரியான அளவுத் திருப்புளியால் முடுக்குங்கள். டிரில் மெஷின் வேண்டாம். நான் ஒருமுறை அவசரப்பட்டு அதை எடுத்து, நெக்கில் மரை தேய்ந்து, பல்குத்தும் குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டையில் திணித்து ஒரு நாள் காயவைத்த பிறகுதான் திரும்ப ஸ்க்ரூ பிடித்தது.

இன்னும் சந்து தெரிந்தால் தந்திகளை முழுக்கத் தளர்த்தி நெக்கைக் கழற்றுங்கள். குழிக்குள் பெயின்ட் கட்டி, மரத்தூள் கிடந்தால் சுரண்டி எடுங்கள். அடுத்து யாரும் பார்க்காத இடம் ஒன்று: பாடியில் உள்ள ஓட்டையில் ஸ்க்ரூ விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும், மரை நெக்கில் மட்டும்தான் கடிக்க வேண்டும். பாடியிலும் கடித்தால் எவ்வளவு முடுக்கினாலும் சந்து அப்படியே நிற்கும். அப்படியென்றால் பாடியின் ஓட்டையை மட்டும் இம்மியளவு பெரிதாக்குங்கள். ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மாட்டினால் சுலபமாக இறங்கும்.

மாட்டி, சுருதி சேர்த்து, அதே ஃப்ரெட்டில் மறுபடி பதிவு செய்து முதல் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் ஒரு சுரம் மட்டும் இன்னும் சட்டென்று செத்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். நெக் தானே அதிரும் சுரத்தோடு அது ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். விலையுயர்ந்த கிட்டாரிலும் இருக்கும்.